டம்ளரின் அடியில் கிடந்தது

டிக்கெட்டை வாட்ச் பட்டையில சொருகாதீங்க தம்பி. இப்ப வர்ற மிஷின் தாளு வேர்வை பட்டா எழுத்து அழிஞ்சு போயிரும். செக்கர் ஏறி, நீங்க வெள்ளைத்தாளை நீட்டினா அவன் என்ன செய்வான் பாவம்? சட்டைப்பையில வைங்க. ஆங், அப்படி.

தப்பா நினைக்காதீங்க. பஸ்ஸுல ஏறினதும் பக்கத்து ஆளு டிக்கெட்டை எங்கே வச்சிருக்காருன்னு பாக்கறது எனக்குப் பழக்கம். இருபத்தெட்டு வருஷம் டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிட்டயர் ஆனவன். சோலைமலைன்னு பேரு. மதுரை, வில்லாபுரம். நீங்க எங்க, நத்தமா? மாங்கா யாவாரமா? ரெண்டும் இல்லையா, அதுக்கும் அந்தாண்டையா. அப்ப சரி. எனக்கு நத்தம் தாண்டி நாலாவது ஸ்டாப். மகனைக் கட்டிக்கொடுத்த ஊரு. அதாவது மருமகளோட ஊரு. ஒரு விசாரணை இருக்கு, அதுக்காகப் போறேன்.

என்ன விசாரணைன்னு கேக்கறீங்க. கேக்கலையா? முகம் கேக்கற மாதிரி இருந்துச்சு. சரி, கேட்டாலும் கேக்காட்டியும் சொல்றேன், நத்தம் வர இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிருதேன். நான் சந்தேகப்படற ஆளு இல்ல. கண்ணால பாத்ததைத்தான் சொல்வேன்.

என் பொண்டாட்டி தவமணி போயி நாலு வருஷம் ஆச்சு. கிட்னி. ஒரே மகன் ராஜவேலு, டூவீலர் ஷோரூம்ல வேலை. மருமக பேரு நாகஜோதி. மூணு வயசுல ஒரு பேத்தி. வீடு என் பேர்ல. அம்புட்டுத்தான் குடும்பம்.

எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, வயிறு மட்டும் போகாது. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன வெக்கம். மூணு நாளைக்கு ஒருதரம், சில சமயம் நாலு நாளைக்கு. லைன்ல போற வேலைல கண்ட ஊர்ல கண்ட நேரத்துல புரோட்டாவும் சால்னாவுமா தின்னு வளந்த வயிறு அது. கீரை, காயி எல்லாம் எனக்கு இறங்காது. இந்தச் சித்திரைல வெயிலும் சேந்து அடிச்சதுல ரத்தமே வந்துருச்சு. டாக்டரு அம்மாகிட்ட போனா, நார்ச்சத்து இல்லை, நார்ச்சத்து சாப்பிடுங்கன்னு சொல்லிட்டாங்க. கூட வந்தது நாகஜோதிதான். தலையத் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டா. அதை நான் அப்பவே கவனிச்சேன்.

அதுலேர்ந்து மூணாவது நாள், காலைல பத்தரை மணிக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டாந்து கொடுத்தா. "குடிங்க மாமா, குளிர்ச்சி." மோர்தானேன்னு குடிச்சேன். கடைசி மடக்குல வாய்க்குள்ள என்னமோ வழுக்கிக்கிட்டுப் போகுது. டம்ளரைச் சாச்சுப் பாத்தா அடியில கண்ணாடி மாதிரி ஒரு வஸ்து. அசைச்சா அசையுது. விரலுக்குள்ள சிக்க மாட்டேங்குது. "என்னம்மா இது?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல மாமா, வயித்துக்கு நல்லது"ன்னுட்டு உள்ள போயிட்டா.

இங்கதான் தம்பி விஷயமே. கேட்ட கேள்விக்கு ஒண்ணுமில்லைன்னு எவன் சொல்றானோ, அவன்கிட்டதான் ஏதோ இருக்கு. என் சர்வீஸ்ல அது ஒருநாளும் பொய்ச்சதில்லை.

நான் குடிச்சுக்கிட்டே கவனிச்சேன். அஞ்சாவது நாள் வயிறு போச்சு. ஆறாவது நாளும் போச்சு. அப்புறம் தினம் காலைல ஆறு மணிக்கு, சொல்லி வச்ச மாதிரி. நீங்களே சொல்லுங்க, முப்பது வருஷமா மக்கர் பண்ணின வயிறு அஞ்சு நாள்ல வழிக்கு வருதுன்னா உள்ள ஏதோ வேலை நடக்குதுன்னுதானே அர்த்தம்? அதோட நிக்கலை. எனக்குக் கோவம் வர்றது நின்னு போச்சு. பேப்பர்க்காரன் பேப்பரைத் தண்ணில போட்டுட்டுப் போறான், எடுத்துக் காய வைக்கிறேன். பேத்தி மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கறா, சிரிக்கிறேன். ஒருநாள் ராஜவேலு மெதுவா, "அப்பா, மாடியில ஒரு ரூம் போடலாமா"ன்னு கேட்டான். நான் "போடுப்பா"ன்னேன். சொல்லிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. மூணு வருஷமா முடியாதுன்னு சொன்னவன் நான். அந்தப் "போடுப்பா"வைச் சொன்னது யாரு? நானா?

சரி, துப்புத் துலக்குவோம்னு அடுப்படிப் பக்கம் ஒரு கண்ணு வச்சேன். சாயங்காலம் அவ ஒரு டப்பாவைத் திறந்து, கூழாங்கல்லு கணக்கா பழுப்பு நிறத்துல நாலு துண்டு எடுத்தா. ரெண்டு தண்ணி அலசி, ஒரு கிண்ணத்துல போட்டு, தண்ணி ஊத்தி, தட்டை வச்சு மூடினா. நாலே நாலு துண்டு, சுண்டுவிரல் நகம் பெருசு. மறுநாள் விடிஞ்சு நான் முதல் ஆளா எந்திரிச்சுப் போயி தட்டைத் தூக்கிப் பாக்கறேன். கிண்ணம் நிறைய நிக்குது தம்பி. தண்ணியக் காணோம், கல்லைக் காணோம். வழவழன்னு, கலங்கலா, கிண்ணத்தோட விளிம்பு வரைக்கும். நாலு துண்டு எப்படி ஒரு கிண்ணம் ஆகும்? இது என் வயித்துக்குள்ள போயி என்னவா ஆகும்? தட்டைப் பழையபடி மூடிட்டேன்.

அன்னைக்கு நேராவே கேட்டேன். அவ கொஞ்சம் சிரிச்சா. "பாதாம் பிசின் மாமா. மரத்துப் பிசின். ராத்திரி ஊறப்போட்டா காலைல இப்படி உப்பிரும். டாக்டர் சொன்ன நார்ச்சத்து இதுல இருக்கு. நீங்கதான் காய் சாப்பிட மாட்டேங்கறீங்களே. முதல்லயே சொன்னா இதையும் வேண்டாம்பீங்கன்னுதான் சொல்லலை. ஜிகர்தண்டாவுல போடுவாங்களே, அதுதான்."

பாத்தீங்களா. இங்க மாட்டிக்கிட்டா. நான் மதுரையிலயே பொறந்து மதுரையிலயே வளந்தவன். விளக்குத்தூண்ல நான் குடிக்காத ஜிகர்தண்டாவா? அதுல போடறது கடல்பாசி. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நத்தத்துக்கு அந்தாண்டை ஊருலேர்ந்து வந்தவ, எனக்கு ஜிகர்தண்டா சொல்லிக் கொடுக்கிறா. அப்புறம், பாதாம்னா பருப்பு. பருப்புல எங்கேருந்து பிசின் வரும்? பிசின்னா கவர் ஒட்டறது, எங்க டிப்போ ஆபீஸ்ல பாட்டில்ல இருக்கும், பிரஷ்ஷோட. நார்ச்சத்தாம். நார்னா கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? வாழைநார் தெரியுது, தேங்கா நார் தெரியுது. இதைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சா அந்தாண்டை இருக்கற சுவர் தெரியுது. இதுல எங்கே இருக்கு நாரு?

எங்க டிப்போல கண்டக்டரா இருந்த சவரிமுத்து, டீக்கடைல தினம் பாக்கற ஆளு, அவன்கிட்ட சொன்னேன். அவன் டம்ளரைக் கீழ வச்சுட்டு, "அண்ணே, இது இடுமருந்து"ன்னுட்டான். சோத்துலயோ தண்ணிலயோ கலந்து கொடுத்துட்டா, கொடுத்தவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவோமாம். வயித்துச் சுவர்ல ஒட்டிக்கிட்டு வளருமாம். "போடுப்பா"ன்னு நான் சொன்னது ஞாபகம் வந்துச்சு. பிசினு, ஒட்டுது, வளருது. எல்லாம் பொருந்துது. பொருந்தாம இருந்தா நான் நம்புவேனா?

அதனால ஒரு ஏற்பாடு செஞ்சேன். மறுநாள் மோர் வந்ததும், "நீ முதல்ல ஒரு வாய் குடிம்மா"ன்னேன். அவளுக்குப் புரியலை. "எனக்கு வேண்டாம் மாமா"ன்னா. "வேணும். என் கண் முன்னாடி குடி." அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் அண்ணாந்து ஒரு வாய் ஊத்திக்கிட்டா. பிசினும் சேத்துத்தான். முந்தானையால வாயைத் துடைச்சுக்கிட்டு டம்ளரை என் கையில கொடுத்தா. தினம் இப்படி. பதினோரு நாள். ராஜவேலு ஷோரூம் போனப்புறம் நடக்கறதுனால அவனுக்குத் தெரியாது. அவளும் சொல்லலை. ஏன் சொல்லலைன்னும் யோசிச்சேன். குத்தம் உள்ளவங்கதானே புருஷன்கிட்ட சொல்லாம மறைப்பாங்க. தினம் குடிக்கிறாளே, அப்ப மருந்து இல்லையோன்னும் ஒரு நாள் தோணுச்சு. சவரிமுத்து சொன்னான், மாத்து மருந்து ஒண்ணு இருக்கும்ணே, அதைத் தின்னுட்டு வந்துருவாங்கன்னு.

பன்னெண்டாவது நாள். மே மாசம் இருபத்தாறு, திங்கக்கிழமை. அன்னைக்கு நடந்ததை ஒவ்வொண்ணா சொல்றேன், கேட்டுக்கங்க. விடியறதுக்குள்ள வீடு கழுவி விட்டிருக்கா. தலைக்கு ஊத்தியிருக்கா, ஈரமுடியை முடிஞ்சிருக்கா. ராஜவேலு லீவு போட்டிருக்கான், எங்கிட்ட சொல்லாம வேட்டி கட்டிக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிட்டான். முந்தின நாள் சாயங்காலம் எங்கிட்ட "அப்பா, நாளைக்கு..."ன்னு ஆரம்பிச்சான். மாடி ரூம் விஷயமாத்தான் இருக்கும்னு, "எனக்குத் தலை வலிக்குது, அப்புறம் பேசு"ன்னு அனுப்பிட்டேன். அடுப்படியில வாழைக்காய் நறுக்கிக் கெடக்கு, வெங்காயம் இல்லை. தவமணி போட்டோவைச் சுவத்துலேர்ந்து இறக்கித் துடைச்சுக்கிட்டிருக்கா. போட்டோவை இறக்கிட்டாங்க, அடுத்து என்னை இறக்கப் போறாங்கன்னுதான் பட்டுச்சு.

பத்தரைக்கு மோர் வந்துச்சு. "குடிம்மா"ன்னேன். "இன்னைக்கு மட்டும் வேண்டாம் மாமா. நீங்க குடிங்க"ன்னா.

"ஏன்?"

"இன்னைக்கு என்ன நாள்னு உங்களுக்குத் தெரியாததா மாமா?"

"திங்கக்கிழமை. அதனால என்ன?"

அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. தம்பி, நான் எத்தனையோ பேர் தலை குனிஞ்சு நின்னு பாத்திருக்கேன். மாட்டிக்கிட்டவங்க நிக்கிற நிலை எனக்குத் தெரியும். எனக்குள்ள இருந்த கோவமெல்லாம், ஒரு மாசமா வராம இருந்த கோவமெல்லாம், ஒண்ணாக் கிளம்பிருச்சு. என்னென்னமோ சொன்னேன். அதுல ஒண்ணு.

அதைச் சொல்லணுமா? சொல்றேன். "என் பொண்டாட்டியையும் இப்படித்தான் அனுப்பி வச்சியா"ன்னு கேட்டுட்டேன்.

தவமணிக்கு எட்டு மாசம் டயாலிசிஸ் பண்ணினோம். வாரம் ரெண்டு தடவை. ஆட்டோல ஏத்தி, இறக்கி, அங்கேயே நாலு மணி நேரம் உக்காந்து கூட்டிட்டு வந்தது நாகஜோதி. அப்ப நான் சர்வீஸ்ல இருந்தேன். அது எனக்குத் தெரியாம இல்லை. தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டேன். கூட இருந்தவ அவதானே, அப்ப செய்யவும் அவளாலதானே முடியும்னு அந்த நேரத்துல புத்தி போச்சு.

அவ டம்ளரை மேசை மேல வச்சா. சிந்தாம வச்சா. நான் செருப்பை மாட்டிக்கிட்டு சவரிமுத்து வீட்டுக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்தா வீடு பூட்டிக் கெடக்கு. சாவி மீட்டர் பெட்டிக்குள்ள இருந்துச்சு. உள்ள ஆள் இல்லை, பேத்தியோட செருப்பு இல்லை. பாத்திரமெல்லாம் தேச்சுக் கவுத்திருந்துச்சு. தவமணி போட்டோவுல புது மாலை தொங்குது. போறவ மாமியாருக்கு மாலை போட்டுட்டுப் போறா, இந்தப் பாசாங்கைப் பாருன்னு நினைச்சேன். மறுநாள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனா, ஒரு வாழையிலைத் துண்டுல சோறும் கறியும் காஞ்சு கெடக்கு. காக்கா ஒண்ணும் தொடலை. சரிதான், மந்திரிச்சு வச்சதுன்னு முடிவு பண்ணிட்டேன். கையால தொடாம, ஒரு குச்சியால தள்ளித் தள்ளிக் குப்பைக் கூடையில போட்டேன்.

ராஜவேலு ரெண்டு நாள் வந்து போனான். என்கூடப் பேசலை. அப்புறம் அவனும் ஷோரூம் பக்கத்துலயே கூட வேலை பாக்கறவன் ரூம்ல தங்கிட்டான். வயிறா? அது பழையபடி ஆயிருச்சு. மருந்து உள்ளயே இருக்குது, அவ போனதும் அது வேலையைக் காட்டுதுன்னு சவரிமுத்து சொன்னான். எடுத்தாத்தான் தீரும்னான்.

எடுக்கறதுக்கு ஒரு ஆளு இருக்காரு, சிங்கம்புணரி பக்கம் ஒரு கிராமத்துல. வெறும் வயித்தோட போகணும். ஜூன் மாசம் ரெண்டாம் தேதி, ரெண்டாவது பஸ்ஸைப் பிடிச்சுப் போனேன். முன்னாடி ஏழு பேரு உக்காந்திருக்காங்க. அவரு நல்லாப் பேசறாரு, ஊர் பேர் கேக்கறாரு. என் முறை வந்துச்சு. "இருங்க, சாமியைக் கும்பிட்டு வந்துடறேன்"னு உள்ள போனாரு. திரும்பி வந்ததுலேர்ந்து பேச்சே இல்லை. நான் எத்தனை நாளா இருக்கும்னு கேக்கறேன், கையைக் காட்டறாரு. வலிக்குமான்னு கேக்கறேன், தலையை ஆட்டறாரு. சட்டையைத் தூக்கச் சொல்லி சைகை பண்ணி, பித்தளைக் குழல் ஒண்ணை என் தொப்புளுக்கு மேல வச்சு உறிஞ்சறாரு. நான் அவர் கன்னத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். இவ்வளவு நேரம் பேசின ஆளு இப்ப ஏன் பேசலை? வாய்க்குள்ள சரக்கு இருக்கு.

அவரு தட்டுல துப்பறதுக்கு முன்னாடி தாடையைக் கப்புன்னு பிடிச்சுட்டேன். குழல் இன்னும் என் வயித்துல நிக்குது. "வாயைத் திற"ன்னேன். திறந்தாரு. நாக்குக்கு அடியில, மஞ்சத்தூள் தடவி, அதே வஸ்து. வழவழன்னு. நான் ஒரு மாசம் குடிச்ச அதே வஸ்து.

அந்தாளை உள்ள தள்ளி, நானும் போயிக் கதவைச் சாத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டாரு. "சார், வெளிய சொல்லிராதீங்க. இது பாதாம் பிசினு சார். நாட்டு மருந்துக் கடைல விக்கிறான். ஜிகர்தண்டாக்காரங்க வாங்கிட்டுப் போவாங்க. ஒண்ணும் செய்யாது சார், தினம் பத்து தடவை என் வாய்லயே வச்சிருக்கேன், வயிறு நல்லாப் போகுது, அம்புட்டுத்தான்"னாரு.

எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? ரெண்டு பேரும் கூட்டு. ஒருத்தி கொடுக்கறா, ஒருத்தன் எடுக்கறான், ரெண்டு பேருக்கும் சரக்கு ஒரே கடை. சிரிக்காதீங்க. அப்படித்தான் தோணுச்சு. அந்தக் கோவத்தோடவே மதுரைல இறங்கி, கீழமாசி வீதியில நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன், யார் யார் வாங்கறாங்கன்னு விசாரிக்க. கடைக்காரன் சாக்கைக் காட்டினான். சாக்கு நிறைய கெடக்கு. நான் நிக்கறப்பவே ஒரு கல்யாண சமையக்காரரு, ரெண்டு காலேஜ் புள்ளைங்க, ஒரு பாய் வீட்டம்மா, எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க. ஜிகர்தண்டாவுல கடல்பாசியும் உண்டு, பிசினும் உண்டுன்னான் கடைக்காரன். ஊரே சேந்து ஒருத்தனுக்கு மருந்து வைக்காதுல்ல. நானும் கொஞ்சம் வாங்கிட்டு வந்தேன். பரிசோதனைக்கு.

அன்னைக்குச் சாயங்காலம் அவ செஞ்ச மாதிரியே நாலு துண்டு ஊறப்போட்டேன். மறுநாள் காலைல கிண்ணம் நிறைஞ்சு நிக்குது. ஆனா உள்ளே பூரா மரப்பட்டை தம்பி. துணுக்குத் துணுக்கா, தூசியும் மண்ணுமா. குடிக்கவே முடியலை, தொண்டைல குத்துது. உக்காந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன். வழுக்குது, கையில நிக்க மாட்டேங்குது, ஒரு மணி நேரம் ஆச்சு, அப்பவும் தீரலை. அவ கொடுத்ததுல ஒரு துரும்பு இருந்ததில்லை. நான் குடிக்கச் சொல்லி அவளை மிரட்டின நாள்லகூட இருந்ததில்லை.

சரி, பிசின்தான்னு ஒத்துக்கிட்டேன். ஆனா ஒரு கேள்வி மிச்சம் இருந்துச்சு. அப்ப அன்னைக்கு ஏன் குடிக்கலை? பதினோரு நாள் குடிச்சவ பன்னெண்டாவது நாள் ஏன் குடிக்கலை? அதுக்குப் பதில் சொல்லாம கேஸை மூட முடியாது. அதை மட்டும் விடாம பிடிச்சுக்கிட்டிருந்தேன்.

ஜூன் ஒம்பது வந்துச்சு. தவமணி போன தேதி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, டெத் சர்டிபிகேட்டை நான்தான் வாங்கினேன். காலைல குளிச்சு வேட்டி கட்டி உக்காந்திருக்கேன். ராஜவேலு வரலை. போன் இல்லை. பதினோரு மணி வரைக்கும் பாத்துட்டு நானே போன் போட்டேன். உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. "ஏண்டா, இன்னைக்கு அம்மா திதி. பொண்டாட்டி பின்னாடி போனதுல பெத்தவளை மறந்துட்டியா?"ன்னு கேட்டேன்.

அவன் சொன்னான். "அப்பா, திதி இங்கிலீஷ் தேதியில வராதுப்பா. பஞ்சாங்கம் பாத்துத்தான் வருஷா வருஷம் நாகஜோதி சொல்லுவா, நான் உங்ககிட்ட சொல்லுவேன். இந்த வருஷம் திதி மே இருபத்தாறு. சொல்ல வந்தேன், தலைவலின்னீங்க. உங்களுக்கே தெரியும்னு நினைச்சோம். அன்னைக்கு அவ அம்மாவுக்காக விரதம்ப்பா. படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைக்கிற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படலை. நீங்க சொன்னதைக் கேட்டுட்டும் படையலைப் போட்டுட்டுத்தான் கிளம்புனா."

போனை வச்சுட்டான்.

நான் நம்பலை. பழக்கம். செல்லத்தம்மன் கோயில் பக்கத்துல ஒரு ஐயரு இருக்காரு, அவர்கிட்டப் போயி தவமணி இறந்த தேதியைக் கொடுத்துப் பாக்கச் சொன்னேன். அவரு பஞ்சாங்கத்தைப் புரட்டி விரலை எண்ணிட்டு, "மே இருபத்தாறு, திங்கக்கிழமை. முடிஞ்சு போச்சே"ன்னாரு. கோயிலுக்கு வெளிய செருப்பு வைக்கிற இடத்துல உக்காந்துட்டேன் தம்பி. நான் மாடியில குச்சியால தள்ளினது தவமணி சோறு. காக்கா தொடலைன்னா வேற எதனால தொடலை? அன்னைக்குக் கீழே நான் பேசினதைத் தவமணி கேட்டுக்கிட்டுத்தானே இருந்திருப்பா.

எனக்கு அழுகை வராது. அன்னைக்கு வந்துச்சு. செருப்புக்காரம்மா என்னாச்சுன்னு கேட்டுச்சு, கண்ணுல தூசின்னேன்.

ராஜவேலுகிட்ட மறுபடி பேசினேன். வரச் சொல்லுடான்னேன். அவ சொல்லி அனுப்பியிருக்கா. "வீட்டுக்கு வர்றேன். சமைக்கிறேன். மாமா வயித்துக்கு என்ன வேணுமோ செஞ்சு மேசை மேல வச்சுடறேன். ஆனா மாமா கையில இனிமே எதையும் கொடுக்க மாட்டேன்." இம்புட்டுத்தான். திட்டலை, நான் பேசின பேச்சை அவங்கப்பன்கிட்டகூட சொல்லலையாம். "அப்பா, அவ சொல்றது நியாயம்தானே, சரின்னு சொல்லிருங்க"ன்னு ராஜவேலு சொல்றான். அவளுக்குப் பெரிய மனசு, நான் ஒத்துக்கிட்டா முடிஞ்சது. ஆனா எனக்கு அது ஆகலை தம்பி. மேசை மேல வச்சுட்டுப் போற சோத்தை எப்படித் திங்கிறது? லாட்ஜுல திங்கற மாதிரி.

அதான் கிளம்பி வந்துட்டேன். விசாரணைன்னு முதல்ல சொன்னேன்ல, அது சும்மா சொன்னது. வாசல்ல நின்னு, "ஆத்தா, குடிக்கத் தண்ணி கொடு"ன்னு கேக்கப் போறேன். வேற ஒண்ணும் பேசப் போறதில்லை. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எனக்கு வாயில வராது, இருபத்தெட்டு வருஷம் மத்தவங்க அதை எங்கிட்ட சொல்லித்தான் கேட்டிருக்கேன். வீடு தேடி வந்தவன் தண்ணி கேட்டா இல்லைன்னு சொல்ற பொண்ணு அவ இல்லை. என்ன சொல்லியிருந்தாலும் சொம்புல மோந்து டம்ளர்ல ஊத்தி என் கையில கொடுப்பா. அது எனக்குத் தெரியும்.

என் பயம் வேற. டம்ளர் கையில வந்ததும் என் கண்ணு அதோட அடிக்குத்தான் போகும். நான் போகச் சொல்ல மாட்டேன், தன்னாலே போகும். நாலு நாளா வீட்ல ஒத்திகை பாத்தேன், நம்புவீங்களா? நானே தண்ணி மோந்து, நானே குடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கண்ணு கீழே போயிட்டுத்தான் வருது. என் வீட்டுக் குழாய்த் தண்ணி அது. அவ கொடுக்கறப்பவும் போயிருச்சுன்னா? அவ அதைத்தான் பாத்துக்கிட்டு நிப்பா. பாத்துட்டா, அம்புட்டுத்தான், அப்புறம் எனக்கு இந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கலாம்னு பாத்தா, விஷத்தைக் குடிக்கிற மாதிரி ஆயிரும்.

இந்தா, புளியமரம் வந்துருச்சு. அடுத்தது என் ஸ்டாப். விசில் கொடுக்கச் சொல்லுங்க. நான் சும்மாதான் கேக்கறேன், நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

அவ முகத்தைப் பாத்துக்கிட்டே குடிக்கணும்ங்கறீங்களா.

டம்ளரைப் பாக்காம இருக்கறதுல பாதி கஷ்டம்கூட இதுல இல்லைன்னு நினைக்கிறீங்க நீங்க. எனக்கு இதுதான் தம்பி கஷ்டம். இருங்க, கைப்பிடியைப் பிடிச்சுக்கறேன். இறங்கறேன்.